பெற்றவள் கொடுத்த இரண்டு

மருத்துவமனைகளில் என் பெயரைக் கூப்பிடும்போது எப்போதும் ஒரே காட்சிதான். கதவைத் திறந்து தாதி, "சரஸ்வதி!" என்பார். நான் எழுந்து நிற்பேன். அவர் பார்வை என்னைத் தாண்டிப் பின்வரிசை நாற்காலிகளுக்குப் போகும். இன்னொரு தடவை, சற்று உரக்க, "சரஸ்வதி!" நான் கையைத் தூக்கி, "நான்தாங்க" என்பேன். தமிழ்த் தாதியாக இருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். மற்றவர்கள் அடையாள அட்டையை வாங்கி இன்னொரு முறை பார்ப்பார்கள்.

என் முகம் சீன முகம். பெயர், பேச்சு, நெற்றிப் பொட்டு எல்லாம் தமிழ். பழைய நாட்களில் இந்நாட்டுத் தோட்டங்களில் இது புதுமையில்லை. பெண் குழந்தைகள் கூடிப்போன சீனக் குடும்பங்களும், பிறந்த நேரம் ஆகாது என்று அஞ்சியவர்களும் பச்சைக் குழந்தையைத் தமிழர் வீடுகளில் கொடுத்துவிடுவார்கள். கோலா தெர்லா பக்கம் காய்கறி பயிரிட்ட ஒரு குடும்பம் என்னைக் கொடுத்தது என்பார்கள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றியதும் இல்லை. தேயிலைக் கொழுந்து எடுத்த அம்மா, ஆலையில் இலை வாட்டிய அப்பா, முனியாண்டி அண்ணன், தங்கை ராஜம். இதுதான் என் குடும்பம். சின்ன வயதில் சண்டை வந்தால் மட்டும் அண்ணன் என்னை "அமோய்" என்பார். சீனப் பெண் என்று பொருள். நான் பதிலுக்குக் கடிப்பேன்.

கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். கணவர் காலமானபின் பிறந்த மலையூரான தானா ராத்தாவுக்குத் திரும்பி வந்தேன். அண்ணன் இன்னும் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில்தான் இருக்கிறார். என் ஒரே மகள் கவிதா கணவரோடு ரிங்லெட்டில். பல வருடம் காத்திருந்து, இனி இல்லை என்று எல்லாரும் பேச்சை நிறுத்தியபிறகு, அவள் கருவுற்றிருந்தாள். அந்த நேரத்தில்தான் எனக்கு ஈரலில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. இப்போது தேறியிருக்கிறேன். அந்த நாட்களில் பயந்தது உண்மை. ஆனால் திரும்பிப் பார்க்கும்போது வியந்ததே அதிகம் என்று தோன்றுகிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது, எனக்கு வலி எதுவும் இருக்கவில்லை. கண் மஞ்சளாகவில்லை, எடை குறையவில்லை. தீபாவளிக்கு முறுக்கும் ஆட்டுக்கறியும் அதிகமாகி வயிறு உப்பிக்கொண்டது. பித்தப்பையில் கல் இருக்கலாம் என்று தானா ராத்தா மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்த பெண் நல்ல வாயாடி. கருவியை வயிற்றில் வைத்து உருட்டிக்கொண்டே எந்தக் கடையில் ரொட்டி சானாய் நன்றாக இருக்கும் என்று மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார். விலாவின் அடியில் கருவி வந்தது. பேச்சு நின்றது.

எதிரில் இருப்பவர் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார் என்று கவனிப்பது பத்திரிகையில் இருந்தவர்களின் பழக்கம். செய்தி பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கும்.

பித்தப்பையில் கல் இல்லை. ஈரலின் வலப்பக்கம் ஒரு சிறு உருண்டை இருந்தது. இரத்தம் எடுத்தார்கள். இரத்தத்தில் ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமி இருப்பதாகச் சொல்லி ஈப்போவிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

ஈப்போவுக்கு இறங்கும் சாலையில் மருமகன் தேவன் வேனை ஓட்டினார். அவர் ரிங்லெட்டில் லாரி பழுது பார்ப்பவர், பேச்சு குறைவு. அந்தக் குறையை அண்ணன் நிரப்பினார்.

"ஹெப்பட்டைட்டிஸ்னா காமாலைதானே? கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தா போயிடும். நம்ம லயத்துல எத்தனை பேருக்குப் போயிருக்கு."

"அது வேற காமாலையாம்ண்ணே."

"காமாலையில என்ன வேற? உனக்கு எல்லாமே பேப்பர்ல போடுற மாதிரி பெருசா இருக்கணும்."

ஈப்போவில் காத்திருக்கும் கூடம் பெரியது. எல்லா இனத்தவரும் இருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பெரிய உறை, அதற்குள் ஸ்கேன் படங்கள். யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. பிள்ளையைப் போல மடியில் வைத்துக் கையால் மூடிக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

ஈரல் மருத்துவர் தமிழர், நடுத்தர வயது. என் முகத்தைப் பார்த்து மலாயில் தொடங்கினார். அண்ணன், "டாக்டர், தமிழ்லயே பேசுங்க. அவ பேப்பர்ல எழுதுனவ" என்றதும் சிரித்துத் தமிழுக்கு மாறினார். சி.டி. படங்களைத் திரையில் காட்டினார். சாயம் ஏற்றி எடுத்த படம். சாயம் ஈரலுக்குள் ஓடும்போது புற்றுக்கட்டி அதை முந்திக்கொண்டு குடித்து முதலில் பளிச்சென்று ஒளிர்கிறது. மற்ற ஈரல் ஒளிரும் நேரத்தில் அது இருண்டுவிடுகிறது. அந்தப் பேராசையை வைத்தே அது புற்று என்று அறிகிறார்கள். என் உடம்பில் எனக்கு அழிவு தேடிய ஒன்றை முதல்முறை பார்க்கிறேன். ஒரு சிறிய எலுமிச்சையளவு. அது ஒளிர்ந்து அணைவதைத் திரும்பக் காட்டச் சொன்னேன். அவர் காட்டினார்.

"ஒரே கட்டி. மத்த ஈரல் நல்லாயிருக்கு. வெட்டி எடுத்துடலாம்னு நினைக்கிறேன். உங்க குடும்பத்துல யாருக்காவது ஈரல் வியாதி இருந்துச்சாம்மா?"

"இல்ல டாக்டர். அப்பாவுக்கு ஹார்ட்டு. அம்மாவுக்கு சுகர், பிரஷர்."

"கூடப் பொறந்தவங்க?"

"நான் இருக்கேன்" என்றார் அண்ணன். "தங்கச்சி ஒருத்தி இருக்கா. எங்களுக்கு ஒண்ணும் இல்ல. இதுவரைக்கும்."

"இந்தக் கிருமி ரத்தத்துல பரவும். பெத்த அம்மாகிட்டேருந்தும் வரும். ஒரே வீட்ல வளர்ந்தவங்க டெஸ்ட் எடுத்துக்கிறது நல்லது."

அவர் சொல்லி முடிக்குமுன் அண்ணன் தலையாட்டிவிட்டார். அடுத்த முறை நான் ஈப்போவுக்குப் போனபோது வேனில் இடமில்லை. அண்ணன், பாக்கியம் அண்ணி, தங்கை ராஜம், அவள் பிள்ளைகள். லயத்தில் இருந்த எல்லாரும் தானா ராத்தாவில் இரத்தம் கொடுத்து முடிவை வாங்கிக்கொண்டு, டாக்டரிடம் நேரில் காட்ட வேண்டும் என்று கிளம்பி வந்திருந்தார்கள். அண்ணி புளிச்சோறு கட்டியிருந்தார். தாப்பா பக்கம் குலதெய்வம் கோயிலுக்குப் போவதுபோல இருந்தது.

முடிவுகளை மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருவருக்கும் கிருமி இல்லை.

அண்ணனுக்கு அது சரியாகப் படவில்லை. "எப்படி டாக்டர்? அம்மாகிட்டேருந்து வரும்னு நீங்கதானே சொன்னீங்க. ஒரே அம்மா. இவளுக்கு வந்துருக்கு, எனக்கும் ராஜத்துக்கும் வரல. டெஸ்ட்டு சரியா எடுக்கலயோ?"

மருத்துவர் என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். கறுத்த, மீசை நரைத்த அண்ணனை. பிறகு மறுபடி என்னை.

"ஐயா," என்றார் மெதுவாக, "இவங்க உங்க வீட்டுக்கு வந்து வளர்ந்தவங்கதானே?"

அண்ணன் ஒரு கணம் விழித்தார். "அட, ஆமால்ல!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். "இவ அமோய்ல! மறந்தே போச்சு டாக்டர்!"

அண்ணி சிரித்தார். ராஜம் சிரித்தாள். வாசலில் நின்ற தாதியும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நானும்தான் மறந்திருந்தேன். குடும்பத்தில் என்ன வியாதி என்று எந்த மருத்துவர் கேட்டாலும் அப்பாவுக்கு ஹார்ட்டு, அம்மாவுக்கு சுகர் என்று வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்லிவந்திருக்கிறேன். அது பொய்யென்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. என் அண்ணனுக்கும் தோன்றவில்லை. தனக்கு அந்தக் கிருமி இல்லையே என்று அவர் கோபித்துக்கொண்டார்.

அதன்பிறகு மருத்துவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். இரண்டு உலகப் படங்கள். ஒன்றில் இந்தக் கிருமி அதிகம் உள்ள நாடுகள் அடர்நிறத்தில் இருந்தன. மற்றொன்றில் ஈரல் புற்றுநோய் அதிகம் உள்ள நாடுகள். சீனா, அதற்குத் தெற்கே நம் பக்கத்து நாடுகள், ஆப்பிரிக்காவில் பாலைவனத்துக்குக் கீழே உள்ள பகுதி. ஒரே படத்தைத் தவறுதலாக இரண்டு தடவை போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நாளிதழ்ப் பக்கங்களில் அப்படி நடப்பதுண்டு. தலைப்புகளை மறுபடி படித்தேன். படங்கள் வேறு வேறுதான். நிறம் அநேகமாக அதே இடங்களில் விழுந்திருந்தது.

அவர் விளக்கியதை என் சொற்களில் சொல்கிறேன். பெரியவர்களுக்கு இந்தக் கிருமி தொற்றினால் பெரும்பாலும் உடம்பு சண்டை போட்டு அதை விரட்டிவிடும். காமாலை வந்து போகும். பிறக்கும்போது தாயின் இரத்தத்திலிருந்து தொற்றினால் அப்படியில்லை. பச்சைக் குழந்தையின் உடம்புக்குத் தன்னுடையது எது, அந்நியம் எது என்று தெரியாது. வந்ததைத் தன்னுடையதென்று ஏற்றுக்கொள்கிறது. கிருமி ஈரல் செல்களுக்குள் போய்க் குடியேறுகிறது. தன் மரபுத் துண்டுகளைச் செல்லின் மரபுக்குள்ளேயே செருகிவிடுகிறது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. குழந்தை வளர்ந்து, படித்து, கல்யாணம் செய்து, பேரன் பேத்தி பார்க்கும் வயதில் ஒருநாள் ஒரு செல் கட்டுப்பாடு இழக்கிறது. அதற்குள் அவள் தாயாகியிருந்தால், தனக்குத் தெரியாமலே அடுத்தவளுக்குக் கொடுத்தும் இருப்பாள்.

"இது இனத்தைப் பார்த்து வர்றதில்லம்மா" என்றார். "எந்த ஊர்ல தாய்மார்கிட்ட அதிகமா இருந்துச்சோ, அந்த ஊர்ப் பிள்ளைங்ககிட்ட அதிகமா இருக்கு. நம்ம நாட்டுலயும் சீனர்கள்கிட்ட கூடுதல், இந்தியர்கள்கிட்ட குறைவு. அவங்கவங்க தாத்தா பாட்டி எந்தக் கரையிலேருந்து கப்பல் ஏறினாங்களோ, அதுதான் காரணம்."

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தென்சீனக் கரையில் ஏதோ ஒரு ஊர். ஒரு பெண், அவள் மகள், அவள் மகள். யாரோ ஒருத்தி கப்பலேறி இந்தக் கரைக்கு வருகிறாள். அவள் வழிவந்த ஒருத்தி இந்த மலையில் முட்டைக்கோசு நட்டு, என்னைப் பெற்று, லயத்து வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறாள். பெயர் இல்லை, புகைப்படம் இல்லை. அவள் எனக்குக் கொடுத்தவை இரண்டுதான். ஒன்று இந்த முகம். இன்னொன்று இது. இவ்வளவு நீண்ட பயணத்தை இவ்வளவு சத்தமில்லாமல் முடித்த ஒன்றை அருவருக்க என்னால் முடியவில்லை. வாய்பிளந்து பார்க்கத்தான் முடிந்தது.

"அத்தை," என்றார் அதுவரை வாய் திறக்காத தேவன். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். "அப்படின்னா கவிதாவுக்கு?"

"அவங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணும்" என்றார் மருத்துவர்.

கவிதாவுக்கு அப்போது ஏழாம் மாதம் தொடங்கப்போகிறது. வளைகாப்புக்கு நாள் பார்த்திருந்தோம். பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் இந்தக் கிருமிக்கு எதிராக ஊசி போடும் திட்டம் இந்நாட்டில் தொடங்கியது, அவள் பிறந்து சிறிது காலம் கழித்துத்தான். அந்த அறிவிப்பு எங்கள் நாளிதழிலும் வந்திருக்கும். நானே தலைப்பு வைத்திருக்கலாம். எனக்கு நினைவில்லை. என் புற்று என்ன ஆகும் என்ற கேள்வி அந்த நிமிடத்தில் எனக்குள் பின்வரிசைக்குப் போய்விட்டது. இனி எனக்கு ஒரே கேள்விதான். இது அந்தக் குழந்தையிடமும் போகுமா?

அந்த வாரமே கவிதாவுக்கு இரத்தம் எடுத்தார்கள். இருந்தது. அளவும் அதிகம்.

அவளே தொலைபேசியில் சொன்னாள்.

"அம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"அழுவுறியா?"

"இல்ல. ஜலதோஷம்."

"சும்மா இரும்மா. நீயா வாங்கிக் குடுத்த? உனக்குக் குடுத்த உங்கம்மாவைத் திட்டலாம்னு பாத்தேன். அவங்களுக்கும் யாரோ குடுத்ததுதானே. திட்டிக்கிட்டே போனா சைனா வரைக்கும் போகணும் லா."

அவள் சிரித்தாள். பிறகு அவளும் ஜலதோஷக்காரி போல மூக்கை உறிஞ்சினாள்.

மருத்துவர் அவளுக்குத் தினம் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். இரத்தத்தில் கிருமியின் அளவைப் பிரசவத்துக்குள் தணிப்பதற்கு. குழந்தை பிறந்ததும் இரண்டு ஊசி போடவேண்டும் என்றார். அதற்குமேல் காத்திருப்பதுதான். குழந்தைக்கு வந்ததா இல்லையா என்று முதல் பிறந்தநாள் நெருங்கும்போதுதான் சோதித்துச் சொல்லமுடியும்.

வளைகாப்பை நிறுத்திவிடலாம் என்றேன். அண்ணி கேட்கவில்லை. லயத்துக்கு முன்னால் கூடாரம் போட்டுவிட்டார். செய்தி அதற்குள் தோட்டம் முழுக்கப் போயிருந்தது. கூட்டத்தில் ஒரு பெண், என் காதில் விழாது என்று நினைத்து, "கண்ணாடி வளையல் ஒடைஞ்சா கீறிடுமே. ரத்தத்துல பரவும்கிறாங்களே" என்றாள். கேள்வியில் தவறில்லை. ஆனால் அதன்பிறகு வளையல் தட்டின் பக்கம் யாரும் வரவில்லை.

அண்ணி எழுந்தார். பச்சை வளையலை எடுத்துக் கவிதாவின் கையில் போட்டார். சிறிய வளையல், கை முழியைத் தாண்டவில்லை. அழுத்தினார். உடைந்தது. கவிதாவின் கையிலும் கீறல், அண்ணியின் விரலிலும் கீறல்.

அண்ணி தன் விரலைப் பார்த்தார். குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார்.

"நான் ஊசி போட்டுக்கிட்டுத்தான்டி வந்துருக்கேன்," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "டெஸ்ட்ல இல்லன்னு தெரிஞ்சதும் மறுநாளே முதல் ஊசி போட்டாங்க. மொத்தம் மூணு. நீங்களும் போய்ப் போட்டுக்கிட்டு அப்புறம் பயப்படுங்க. இப்ப பெரிய சைஸ் வளையல் எவகிட்ட இருக்கு? எடு."

முதலில் ராஜம் எழுந்தாள். பிறகு கேள்வி கேட்ட பெண்ணே எழுந்து வந்தாள். மறுநாள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அண்ணி எதற்கும் சில மாதம் கழித்து இன்னொரு சோதனை செய்துகொண்டார், ஒன்றும் ஆகவில்லை. சேர்ந்து சாப்பிடுவதாலோ, தொடுவதாலோ, ஒரே டம்ளரில் தேத்தண்ணி குடிப்பதாலோ இது வராது. சவரக் கத்தி, நகவெட்டி, பல்துலக்கி இவற்றைத்தான் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். இதைத் தோட்டத்தில் எல்லாரும் அந்த வளைகாப்பில்தான் தெரிந்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு என் முறை. அறுவை சிகிச்சை தலைநகருக்கு அருகே ஓர் அரசு மருத்துவமனையில். எங்களுக்குச் செலவு மருத்துவமனையில் ஆகவில்லை. மலைக்கும் சமவெளிக்குமாக ஏறி இறங்கிய பெட்ரோலில்தான் ஆனது. அதைத் தேவன் ஒருநாளும் பேச்சில் எடுக்கவில்லை.

என் பக்கத்துக் கட்டிலில் ஒரு சீன அம்மா. கம்பாரிலிருந்து வந்தவர், என்னைவிடச் சில வயது மூத்தவர். என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகக் காண்டனீஸ் சீனத்தில் பேச ஆரம்பித்தார். புரியவில்லை என்று மலாயில் சொன்னேன். நம்பவில்லை. கட்டில்மேல் எழுதியிருந்த என் பெயரைத் தாதியிடம் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டபிறகு, கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அவர் மலாயில் பேசினார்.

அவருக்கும் ஈரலில்தான். அவர் அம்மா வயிறு வீங்கி இறந்தார். பிறகு மூத்த அண்ணன். பிறகு ஒரு தம்பி. வீட்டின்மேல் ஏதோ இருக்கிறது என்று நினைத்து வாசலை வேறு திசைக்கு மாற்றிக் கட்டினார்களாம். அதற்கப்புறமும் நிற்கவில்லை என்று தாத்தாவின் கல்லறையைத் தோண்டி வேறு மேட்டுக்குக் கொண்டுபோனார்களாம்.

"வீட்டில் ஒன்றும் இல்லை," என்றார். "அம்மாவின் வயிற்றிலேயே இருந்திருக்கிறது. டாக்டர் போன வருடம்தான் சொன்னார். பாவம் தாத்தா, அவரை எழுப்பி அலையவைத்தோம்."

சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பழத்தை உரித்து, சுளையிலிருந்த நாரையெல்லாம் நீக்கி என் கையில் வைத்தார். அவர் விரல்கள் குட்டையாக, நுனி சதுரமாக இருந்தன. என் விரல்களைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நீள விரல்கள். என் விரல்களைப் போன்ற விரல்கள் எனக்கு உரித்துக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அவர் எனக்கு உறவல்ல. அப்படிக் கற்பனை செய்துகொள்ளவும் இல்லை. ஆனால் கோலா தெர்லா பக்கம் இதே விரல்களோடு யாராவது வாசலை மாற்றிக் கட்டிக்கொண்டிருப்பார்களா என்ற எண்ணம் வந்தது. அது இன்னும் போகவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காய்கறி லாரிகளில் ஏற்றுகிறவர்களிடம், நீங்கள் இரத்தம் சோதித்தீர்களா என்று கேட்கிறேன். என்னை ஏதோ விற்க வந்தவள் என்று நினைக்கிறார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் அறுவை மருத்துவர் வந்து, ஈரலில் எவ்வளவு எடுப்பார்கள் என்று என் வயிற்றின்மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மீதி போதுமா என்றேன்.

"அது வளர்ந்துடும்," என்றார், தலைமுடியைப் பற்றிப் பேசுவதுபோல.

மயக்கம் தெளிந்தபோது தொண்டை வறண்டிருந்தது. வலதுபக்கம் முழுக்கக் கனமான கல்லை வைத்துக் கட்டியதுபோல் வலி. மூச்சை இழுக்கவே பயமாக இருந்தது. மூச்சு விடும் பயிற்சிக்கு ஒரு குழாய் கொடுத்தார்கள். ஊதினால் உள்ளே சிறு பந்துகள் எழும். கம்பார் அம்மா தன் கட்டிலில் இருந்தபடியே ஒவ்வொரு பந்துக்கும் கைதட்டினார். அவருக்கு வெட்டி எடுக்க முடியாத இடத்தில் இருந்தது. மருந்தை நேரே கட்டிக்குள் செலுத்துவதற்காகக் காத்திருந்தார். நான் வீடு திரும்பிய அன்று, தன்னிடம் மிச்சமிருந்த ஆரஞ்சுகளை என் பையில் போட்டுவிட்டார்.

சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனை ஈப்போ மருத்துவர் பழையதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வெட்டிய இடம் நிறைந்திருந்தது. பழைய வடிவம் இல்லை. ஆனால் அளவு அநேகமாக அதே அளவு. நான் தோசை தின்றுகொண்டும் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டும் இருந்த நாட்களில், என்னைக் கேட்காமல், எனக்குள்ளே அது தன்னைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறது. புற்று திரும்பலாம், அதற்காகத் தவணை தவறாமல் ஸ்கேன் எடுக்கிறேன், மாத்திரை போடுகிறேன். கிருமி முழுதாகப் போகாது, அடங்கியிருக்கும்.

கவிதாவின் பிரசவத்தை இதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தையல் ஆறிக்கொண்டிருந்தபோது ஈப்போவில் பெண் குழந்தை பிறந்தது. பேசாத தேவன் அன்று பேசினார்.

"பொறந்த கையோட ரெண்டு தொடையிலயும் ஊசி போட்டாங்க அத்தை. நர்ஸு மிஸ்ஸிக்கு நான் ஞாபகப்படுத்தலாம்னு ஓடுனேன். அவங்க ரெடியா கையில வெச்சிருந்தாங்க. கத்துன கத்துல பக்கத்து வார்டு எழுந்துருச்சு."

அந்த இரண்டு ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒன்று, எதிர்ப்புப் பொருள். எதிர்ப்பு சக்தியுள்ள யாரோ கொடுத்த இரத்தத்திலிருந்து எடுத்தது. உடனே காவலுக்கு நிற்கும். மற்றொன்று தடுப்பூசி, குழந்தையின் உடம்புக்கே காவல் கற்றுக்கொடுக்கும். இப்போது அதை ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டில் தயாரிக்கிறார்கள். ஆனால் முதன்முதலில் அந்தத் தடுப்பூசியை என்னைப் போன்றவர்களின் இரத்தத்திலிருந்துதான் தயாரித்தார்களாம். கிருமி தன் மேலுறையை அளவுக்கு மீறிச் செய்து எங்கள் இரத்தத்தில் கொட்டுகிறது. அந்த வெற்று உறைகளைப் பிரித்துச் சுத்தம் செய்து ஊசியில் ஏற்றினார்கள். ஒரு புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசி அது. நோய் கொண்ட இரத்தமே நோய்க்கு வேலி. எத்தனையோ செய்திகளுக்குத் தலைப்பு வைத்திருக்கிறேன். இதற்கு எனக்குத் தலைப்பு வரவில்லை.

பிறகு காத்திருந்தோம். மற்ற ஊசிகள் தவணைப்படி நடந்தன. குழந்தை கவிழ்ந்தாள், தவழ்ந்தாள், அண்ணனின் மீசையைப் பிடித்து இழுத்தாள். அவளைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குள் அந்தக் கேள்வி இருந்தது. கவிதாவுக்குள்ளும் இருந்தது. நாங்கள் அதைப் பேசிக்கொள்ளவில்லை. குழந்தையைக் கைமாற்றும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம்.

சோதனைக்கு இரத்தம் எடுத்து, முடிவு வாங்க தானா ராத்தா மருத்துவமனைக்குப் போனோம். மழைத் தூறல். கூடத்தில் ஈரக் குடைகளின் வாசம். கவிதாவால் உட்கார முடியவில்லை. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். அண்ணனும் வந்திருந்தார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால், "நீங்க ரெண்டு பேரும் டாக்டர் சொல்றதை ஒழுங்கா கேக்க மாட்டீங்க" என்றார்.

உள்ளே போனதும் மருத்துவர், ஓர் இளம் மலாய்ப் பெண், எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "இல்லை" என்றார் முதலில். பிறகுதான் விளக்கம். கிருமி இல்லை. எதிர்ப்பு சக்தி இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது.

அண்ணன், "இன்னொரு தடவை சொல்லச் சொல்லு" என்றார். சொன்னார். குழந்தை மருத்துவரின் ஸ்டெதஸ்கோப்பைத் தின்ன முயன்றுகொண்டிருந்தாள்.

தென்சீனக் கரையில் எங்கோ தொடங்கி, பெயர் தெரியாத பெண்கள் வழியாக, கடல் தாண்டி, மலை ஏறி, என் வழியாக, என் மகள் வழியாக வந்தது, இந்தக் குழந்தையின் தொடையில் நின்றுவிட்டது. சட்டையை விலக்கி அந்த இடத்தைப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. ஊசி போட்ட தடம்கூட இல்லை.

மருந்தகத்தில் என் மாத்திரைக்கும் கவிதாவின் மாத்திரைக்கும் குழந்தையின் சொட்டு மருந்துக்கும் காத்திருந்தோம். கவிதா முகம் கழுவப் போயிருந்தாள். குழந்தை அண்ணன் தோளில். மருந்தகத்துச் சன்னலிலிருந்து தமிழ்ப் பெண் ஒருத்தி, "அமுதவல்லி!" என்று கூப்பிட்டாள். அண்ணன் எழுந்து குழந்தையோடு போய் நின்றார். அந்தப் பெண் அண்ணனைப் பார்த்தாள். அவர் தோளிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். மடிப்பில்லாத இமை, தட்டையான மூக்கு, நெற்றியில் கறுப்புப் பொட்டு. அவள் பார்வை அவர்களைத் தாண்டிப் பின்னால் போனது.

"அமுதவல்லி!" என்றாள் மறுபடி, உரக்க.

"கத்தாதம்மா, இதுதான்" என்றார் அண்ணன், குழந்தையின் குட்டைக் கையைப் பிடித்துத் தூக்கி. "எங்க வீட்டு ரெண்டாவது அமோய்."